கெரிகனின் இனிஷியல்

சாமிக்கண்ணு: ...அதான் சொல்றேன்ல மாலதி, பொட்டி மொத்தமும் நனஞ்சிபோச்சி. தானே புயல் அடிச்ச அன்னிக்கி ஓடு பறந்துது, தண்ணி நேரா பொட்டிக்குள்ளதான் எறங்குச்சி. உள்ள இருந்த காயிதமெல்லாம் கூழு.

மாலதி: போன வாரம் போன்ல எலி கடிச்சிடுச்சின்னு சொன்னியேப்பா.

சாமிக்கண்ணு: எலி கடிச்சிது... அப்பறம் நனஞ்சிது.

மாலதி: அதுக்கு முந்தின வாரம் பீரோ சாவி தொலஞ்சிபோச்சின்ன.

சாமிக்கண்ணு: தொலஞ்சிதுதான். பொய்யா சொல்றேன்?

மாலதி: அப்ப சர்ட்டிபிகேட்டு பொட்டியில இருந்துதா, பீரோவுல இருந்துதா?

சாமிக்கண்ணு: ஏன்டி, முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவன்கிட்டயே செக்கிங் இன்ஸ்பெக்டரு கணக்கா கேக்கற? மொதல்ல இந்தத் தூக்கப் புடி. சிதம்பரத்துல எறங்குனதும் மேல வீதியில வாங்கியாந்தேன். இட்லி, கொத்சு. ஆறிடப்போவுது.

மாலதி: பேச்ச மாத்தாத. புதங்கெழம எனக்கு பாஸ்போர்ட் ஆபீசுல டேட்டு. எம்பத்தொம்போது ஜனவரிக்கு அப்பறம் பொறந்தவங்களுக்கு பர்த் சர்ட்டிபிகேட் இல்லாம நடக்காது. நான் பொறந்தது அந்த வருசம் சித்திர. அது இல்லன்னா பாஸ்போர்ட்டு இல்ல. பாஸ்போர்ட்டு இல்லன்னா ஆகஸ்ட்டு மாசம் அமெரிக்காவுல அந்தக் கல்லு நடறப்ப நான் அங்க நிக்க முடியாது. புரியுதா?

சாமிக்கண்ணு: கல்லு நடறத பாக்கறதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவணுமா? சேத்தியாத்தோப்புல தெனைக்கும் எவனாவது எல்லக்கல்லு நட்டுக்கிட்டு சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்கான்.

மாலதி: சேத்தியாத்தோப்பா? அங்க நமக்கு யாருப்பா இருக்கா?

சாமிக்கண்ணு: ...யாரும் இல்ல. சும்மா வாயில வந்துது.

மாலதி: நீ ஓட்டுன ரூட்டு கடலூரு, சிதம்பரமாச்சே.

சாமிக்கண்ணு: நான் எங்க ஓட்டுனேன், டிரைவருதான் ஓட்டுனாரு. நான் விசிலு ஊதுனேன். மொதல்ல விருத்தாசலம் ரூட்டு, சேத்தியாத்தோப்பு வழி. அதெல்லாம் நீ பொறக்கறதுக்கு முந்தி. சாப்புடு.

மாலதி: நீயும் சாப்புடு. அந்த நாக்காலிய இழுத்துப் போட்டுக்க.

சாமிக்கண்ணு: ஞாயித்துக்கெழமயில கூடவா ஆபீசு? ஆபீசுன்னதும் பெருசா இருக்கும்னு நெனச்சேன். மாடிப்படி ஏறி வந்தா நாலு கம்ப்யூட்டரு, ஒரு நடராஜர் காலண்டரு. முடிஞ்சிது ஆபீசு.

மாலதி: சம்பளம் ஒழுங்கா வருதுல்ல?

சாமிக்கண்ணு: அது வருது. நீ என்ன வேல பாக்கறன்னு கடலூர் முதுநகருல நம்ம தெருவே கேக்குது. செத்துப்போன வெள்ளக்காரன் எப்பப் பொறந்தான், எப்பச் செத்தான்னு தேடி எழுதறாள்னு சொன்னா, பரவால்லியே, சித்ரகுப்தன் ஆபீசுல ஆளு எடுக்கறானான்னு சிரிக்கறானுங்க.

மாலதி: அதுவே கரெக்ட்டுதான். இங்க வா, காட்டறேன். ஸ்கிரீனப் பாரு.

சாமிக்கண்ணு: யாரு இவன்? மீசைய முறுக்கிவுட்டுக்கிட்டு ஐயனாரு கோயில் செல கணக்கா நிக்கறான்.

மாலதி: இவருதான் கெரிகன். இவருக்குத்தான் கல்லு.

சாமிக்கண்ணு: இது என்னா, போட்டோவா?

மாலதி: சின்ன அட்ட. தீப்பெட்டிய விடக் கொஞ்சம் நீளம். நூத்தி இருவது வருசத்துக்கு முந்தி அங்க சிகரெட்டு பாக்கெட்டுக்குள்ள ஒரு அட்ட வெப்பாங்க. பேஸ்பால் ஆடறவங்க படம். பாக்கெட்டு வாங்கறவன் அட்டயச் சேத்து வெச்சிக்குவான்.

சாமிக்கண்ணு: எங்க காலத்துல தீப்பெட்டிப் படம் சேத்த மாரி. சரி, அந்தப் பந்து ஏன்டி அந்தரத்துல நிக்குது?

மாலதி: நல்லாப் பாரு. கயிறு தெரியுதா? ஸ்டூடியோவுக்குள்ள பந்த கயித்துல கட்டித் தொங்கவுட்டு, புடிக்கற மாரி நிக்க வெச்சி எடுத்திருக்காங்க.

சாமிக்கண்ணு: அட பாவிங்களா! ஊரு ஊருக்கு இதே பித்தலாட்டம்தானா. நானும் ஒங்கம்மாவும் எடுத்துக்கிட்ட போட்டோவுல பின்னால தாஜ்மகால் இருக்குமே, அந்தக் கத.

மாலதி: திருவந்திபுரத்துல கல்யாணம் முடிச்சிட்டு எடுத்ததுதான அது? எந்த வருசம்ப்பா?

சாமிக்கண்ணு: ...வருசமா? அது ஆச்சி... ஞாபகம் இல்ல. அந்த கொத்சுல உப்பு பத்துதா?

மாலதி: பத்துது.

சாமிக்கண்ணு: ம். சரி, இந்த மீசக்காரனப் பத்தி ஒனக்கென்ன?

மாலதி: அமெரிக்காவுல டென்னிஸ்னு ஒரு பெரியவரு...

சாமிக்கண்ணு: ஆடறது பேஸ்பாலு, பேரு டென்னிஸா?

மாலதி: நீ குறுக்க குறுக்க பேசினா நான் சொல்ல மாட்டேன்.

சாமிக்கண்ணு: சரி சரி, ரைட்டு, போலாம்.

மாலதி: டென்னிஸ் சாரு, இந்த அட்டையில இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் யாரு, எங்க பொறந்தாங்க, எப்டி செத்தாங்கன்னு புஸ்தகம் எழுதறாரு. பழைய பத்திரிக, ஜனத்தொக கணக்கு, சர்ச்சு ரிஜிஸ்டரு எல்லாத்தயும் படமா அனுப்புவாரு. நான் படிச்சி, கண்டுபுடிச்சி எழுதணும். இந்தக் கெரிகன மட்டும் யாராலயும் புடிக்க முடியல. நாப்பது வருசமா தேடறாங்களாம். அட்டையில இருக்கான், பத்திரிகையில ஆடறான், அப்பறம் இல்ல. பொறந்த கணக்கும் இல்ல, செத்த கணக்கும் இல்ல.

சாமிக்கண்ணு: டிக்கெட் வாங்காத பயணி.

மாலதி: அதேதான்! இப்பப் பேருக்குப் பக்கத்துல பாரு. கெரிகன், அப்பறம் என்ன போட்டிருக்கு?

சாமிக்கண்ணு: சி. எஃப். இனிஷியலு.

மாலதி: பாத்தியா, பாத்தியா! நீயும் அதத்தான் சொல்ற!

சாமிக்கண்ணு: பின்ன? பேருக்குப் பக்கத்துல புள்ளி வெச்ச எழுத்து இருந்தா இனிஷியலுதான. எஃப்பு அப்பன் பேரு. சி தாத்தன் பேரா இருக்கும், இல்லன்னா ஊரு.

மாலதி: நானும் அப்டித்தான் நெனச்சேன். அடுத்த அட்ட எடுத்தா அவனுக்கு எஸ். எஸ்.ஸு. இன்னொருத்தன், வேற பேரு, அவனுக்கும் எஸ். எஸ். மூணாவது ஒருத்தன், அவனுக்கும் எஸ். எஸ். நான் என்ன பண்ணேன் தெரியுமா? மூணு பேரும் கூடப்பொறந்தவங்க, அப்பன் ஒருத்தருதான்னு ரிப்போர்ட்டு எழுதி அனுப்பிட்டேன்.

சாமிக்கண்ணு: சரியாத்தான எழுதியிருக்க.

மாலதி: டென்னிஸ் சாரு ரெண்டு நாளு சிரிச்சாராம்! சிரிச்சிட்டு எழுதறாரு: "அம்மா, அது அப்பா பேரு இல்ல. மைதானத்துல அவுங்க நிக்கற எடம்."

சாமிக்கண்ணு: நிக்கற எடமா?

மாலதி: பந்து புடிக்க ஆளுக்கு ஒரு எடம் உண்டுல்ல. சி. எஃப்.புன்னா நடுவால, கோடியில நிக்கறவன். எஸ். எஸ்.ஸுன்னா வேற எடம். பேருக்குப் பக்கத்துல அந்த எடத்தோட எழுத்தப் போடுவாங்களாம்.

சாமிக்கண்ணு: நல்லவேள! டி. என். முப்பத்தொண்ணுன்னு எங்க பஸ்ஸு நம்பரப் பாத்து, டி தாத்தன் பேரு, என்னு அப்பன் பேருன்னு எழுதாம வுட்டியே.

மாலதி: சிரி, சிரி. ஆனா அந்தத் தப்புதான்ப்பா எனக்குக் கைகுடுத்துது.

சாமிக்கண்ணு: அது எப்டி?

மாலதி: அங்க இனிஷியலுன்னா அவன் சொந்தப் பேரோட எழுத்து. அதனால அவுங்கள்ல எவரும் அப்பன் பேருலேர்ந்து தேடவே இல்ல. நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாரி, எஃப்புல பேரு ஆரம்பிக்கற கெரிகன் எவன் எவன் இருக்கானோ அத்தன பேரயும் ஜனத்தொக கணக்குலேர்ந்து பொறுக்கினேன். மூணு வாரம். பதினோரு பேரு. தப்புன்னு தெரியறதுக்குள்ள பத்து பேரப் பாத்து முடிச்சிட்டேன். சரி, மிச்சம் இருக்கறது ஒருத்தன், அவனயும் பாத்துட்டு மூடி வெப்போம்னு தெறந்தேன். பிரான்சிஸ் கெரிகன். தொழிலு என்ன தெரியுமா?

சாமிக்கண்ணு: சிகரெட்டு கம்பெனியா?

மாலதி: கண்டக்டரு.

சாமிக்கண்ணு: என்னாது?

மாலதி: குதிர இழுக்கற டிராமு வண்டியில கண்டக்டரு.

சாமிக்கண்ணு: அட! நம்ம ஆளு! அதச் சொல்லு மொதல்ல. அவனுக்கும் சில்லற பாக்கி தகராறெல்லாம் இருந்திருக்கும்.

மாலதி: அவன் வூட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு வரிசையா எழுதியிருக்கு. அவன், அவன் பொண்டாட்டி, அப்பறம் பன்னண்டு வயசுல ஒரு பையன். தாமஸ். அவன்தான் பின்னால இந்த அட்டைக்கு வந்த ஆளு. இந்தா, அந்தப் பக்கத்தப் பெருசாக்கறேன். பையன் வரியில என்ன தெரியுது?

சாமிக்கண்ணு: எதயோ கிறுக்கி அடிச்சிருக்கு.

மாலதி: ரெண்டு எடத்துல. மொதல்ல தாமஸ் டோலன்னு எழுதியிருக்கான். டோலன அடிச்சிட்டு மேல கெரிகன். பக்கத்துல, வூட்டுக்காரனுக்கு என்ன ஒறவுன்னு ஒரு கட்டம். அதுல பொண்டாட்டியோட மகன்னு எழுதி... அதயும் அடிச்சிட்டு, மகன்.

சாமிக்கண்ணு: அதயும் அடிச்சிட்டானா?

மாலதி: ஆமா. ஏன்ப்பா?

சாமிக்கண்ணு: ஒண்ணும் இல்ல. தண்ணி எங்க இருக்கு?

மாலதி: பக்கத்துலதான் இருக்கு பாரு, சொம்புல. நான் அந்தப் பக்கத்த அன்னிக்கி சாயங்காலம் பூரா பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். கணக்கெடுக்க வந்தவன் வாசல்ல நிக்கறான். பிரான்சிஸ் கெரிகன் அப்பதான் டூட்டி முடிச்சி வந்திருக்கான். அந்தம்மா உள்ளதச் சொல்லியிருக்கும்: பையன் மூத்த வூட்டுக்காரருக்குப் பொறந்தவன், பேரு டோலன், அவரு போய்ச் சேந்துட்டாருன்னு. கணக்குக்காரனும் எழுதிட்டான். கெரிகன் பின்னாலேர்ந்து எட்டிப் பாத்திருக்கான். யோவ், என்னய்யா எழுதற? அடி. அடிய்யா மொதல்ல. எம் புள்ளய்யா அவன்.

சாமிக்கண்ணு: நீ என்னமோ பக்கத்துல நின்னு பாத்த மாரி சொல்ற. எழுதறப்ப தப்பு வுட்டிருப்பான், திருத்தியிருப்பான்.

மாலதி: தப்பு வுட்டா ஒரு எடத்துல அடிச்சிருக்கும். ரெண்டு எடத்துல அடிக்காது.

சாமிக்கண்ணு: ...ம்.

மாலதி: நாப்பது வருசமா எல்லாரும் கெரிகன்னு பொறந்தவனத் தேடியிருக்காங்க. அப்டி ஒருத்தன் பொறக்கவே இல்ல. பொறந்தது டோலன். எங்க வேலையில ஒரு வழி உண்டுப்பா. அப்பன் பேருல ஆளு கெடைக்கலன்னா ஆத்தா பேருல தேடணும். அந்தம்மா பேர வெச்சித்தான் தாமஸ் டோலன் பொறந்த ஊரப் புடிச்சேன்.

சாமிக்கண்ணு: ஆத்தா பேருல... அப்டியெல்லாமா தேட முடியும்?

மாலதி: ரிஜிஸ்டரு ஒண்ணு இருந்தாப் போதும். எந்த ஊரா இருந்தாலும் தேடலாம்.

சாமிக்கண்ணு: அமெரிக்காவுலதான?

மாலதி: எங்கயும்தான். ஏன் இப்டி வேக்குது ஒனக்கு? ஃபேன ஜாஸ்தி வெக்கவா?

சாமிக்கண்ணு: வேணாம் வேணாம். நான் கெளம்பறேன்மா. ஒண்ணேகால் வண்டிய வுட்டா அப்பறம் கூட்டமாயிடும்.

மாலதி: ஒக்காருப்பா. வெயில்ல எங்க போற? ஞாயித்துக்கெழம வண்டியில எங்க கூட்டம்? இன்னும் மெயின் விசயத்துக்கே வரல.

சாமிக்கண்ணு: இன்னும் என்னா?

மாலதி: தாமஸ் செத்தப்ப வயசு முப்பத்தி நாலு. நெஞ்சு வியாதி. வளத்த கெரிகனப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலயே பொதச்சிருக்காங்க. மேல கல்லு இல்ல, பேரு இல்ல, வெறும் புல்லு. டென்னிஸ் சாரும் அவரு கூட்டாளிங்களும் சேந்து இப்ப கல்லு வெக்கறாங்க. கண்டுபுடிச்சவ நீதான், நீ வந்து நிக்கணும், வழிச்செலவு எங்களுதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒரு கேள்வி கேட்டிருக்காரு, அதுக்கு நான் இன்னும் பதில் எழுதல. நீ சொல்லு. கல்லுல எந்தப் பேரு போடறது? டோலனா, கெரிகனா?

சாமிக்கண்ணு: என்னையக் கேட்டா? நான் என்ன கண்டேன்.

மாலதி: கண்டக்டரு விசயம். கண்டக்டரத்தான கேக்கணும்.

சாமிக்கண்ணு: ...டோலன்னு போடச் சொல்லு.

மாலதி: ஏன்?

சாமிக்கண்ணு: பெத்தவன் பேரு போடறதுதான மொற. அவன் பாவம் செத்தே போயிட்டான். மகன் மொகத்தக்கூட சரியாப் பாத்திருக்க மாட்டான். பேராவது அவனுக்கு மிஞ்ச வேணாமா? அதயும் புடுங்கிக்கறதா?

மாலதி: யாரு புடுங்கினது?

சாமிக்கண்ணு: அந்த... கெரிகன்தான்.

மாலதி: புடுங்கினானா? ஒரு பத்திரிகைக்காரன் தாமஸ்கிட்ட கேட்டிருக்கான், ஒனக்கு இந்த ஆட்டத்த யாரு சொல்லிக் குடுத்ததுன்னு. என்ன சொன்னான் தெரியுமா? "எங்கப்பா. வேல முடிஞ்சி வந்து சட்டையக்கூடக் கழட்டாம, இருட்டற வரைக்கும் எனக்குப் பந்து போடுவாரு." எனக்கு அதப் படிச்சதும் யாரு ஞாபகம் வந்துது சொல்லு.

சாமிக்கண்ணு: யாரு?

மாலதி: காக்கிச் சட்டையோட, பையக்கூட எறக்கி வெக்காம, சில்லற குலுங்கக் குலுங்க சைக்கிளு பின்னாலயே ஓடியாந்த ஒரு ஆளு.

சாமிக்கண்ணு: அது... பைய எறக்கி வெச்சிட்டு வர்றதுக்குள்ள நீ விழுந்து வெச்சா என்ன பண்றது.

மாலதி: அதான் சொல்றேன். கெரிகன் எதயும் புடுங்கலப்பா.

சாமிக்கண்ணு: ஒனக்குத் தெரியாது மாலதி. நாம படிக்கறது அந்தப் பையன் சொன்னது. அந்த ஆளு மனசுல என்ன இருந்துதுன்னு எந்தப் பத்திரிகையில போட்டிருக்கு? ஒவ்வொரு வாட்டியும் அந்தப் புள்ள எங்கப்பான்னு சொல்றப்ப, உள்ளுக்குள்ள ஒருத்தன் டேய், டேய்னு கூப்புட்டுக்கிட்டே இருந்திருப்பான்.

மாலதி: யாரு?

சாமிக்கண்ணு: டோலன்.

மாலதி: ...டோலன ஒனக்குத் தெரியுமாப்பா?

சாமிக்கண்ணு: அந்தத் தண்ணிய இன்னொரு வாட்டி குடு.

மாலதி: அப்பா.

சாமிக்கண்ணு: தெரியும்.

மாலதி: சொல்லு.

சாமிக்கண்ணு: டிரைவரு. கண்ணாயிரம்னு பேரு. நான் சொன்னேன்ல, விருத்தாசலம் ரூட்டு. ஆறு வருசம் அவன் ஸ்டீரிங்கு, நான் விசிலு. ஒரே தட்டுல சாப்புட்டிருக்கோம். சேத்தியாத்தோப்புல அவன் வூடு, வெள்ளாத்தங்கரை ஓரமா. மாசமா இருக்கற பொண்டாட்டிக்கு சிதம்பரத்துலேர்ந்து பூ வாங்காம ஒரு நாளும் வண்டிய எடுக்க மாட்டான். மஞ்சக்காமால வந்துது. கீழாநெல்லி, அது இதுன்னு பத்து நாளு. பதினோராவது நாளு இல்ல.

மாலதி: அவரு பொண்டாட்டி?

சாமிக்கண்ணு: பொன்னி. ஒங்கம்மா. மூணு மாசம் கழிச்சி நீ பொறந்த.

மாலதி: அப்பறம்?

சாமிக்கண்ணு: அப்பறம் என்னா... அவங்க வூட்டுலயும் ஆதரவு இல்ல, இவங்க வூட்டுலயும் இல்ல. டிரைவரு எறங்கிப் போயிட்டான்னா வண்டிய நடு ரோட்டுல வுட்டுட்டுக் கண்டக்டரும் போயிட முடியுமா? உள்ள ரெண்டு ஜனம் ஒக்காந்திருக்கே. ஆனா கடமைக்குக் கட்டிக்கிட்டேன்னு மட்டும் நெனச்சிடாத தாயி. ஒங்கம்மாவ எனக்கு ரொம்பப் புடிக்கும். ஒன்னயும் அப்டித்தான். ஆறு மாசக் கொழந்த, என் விசிலப் புடுங்கி வாயில வெச்சிக்கிட்டு குடுக்கவே மாட்டேன்ன.

மாலதி: அதனாலதான் கல்யாணம் எந்த வருசம்னு ஞாபகம் இல்லியா?

சாமிக்கண்ணு: எம்பத்தொம்போது ஐப்பசி. எப்டி மறக்கும்? ஊரு பேசும்னு கடலூருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டு வந்துட்டோம். ஒன்ன ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போனேன். வாத்தியாரு பேனாவ வெச்சிக்கிட்டு, இனிஷியலு என்னய்யாங்கறாரு. பின்னால இருவது பேரு நிக்கறான். எனக்குக் கண்ணாயிரம் மொகம் நேரா வந்து நிக்குது. க-ன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன் மாலதி. சத்தியமா. நீ என் வெரலப் புடிச்சிக்கிட்டு நின்ன... சா-ன்னு வந்துடுச்சி.

மாலதி: அம்மா என்ன சொன்னாங்க?

சாமிக்கண்ணு: அழுதா. நல்லது பண்ணேன்னு அழுதாளா, தப்பு பண்ணேன்னு அழுதாளான்னு கடைசி வரைக்கும் நான் கேக்கல. மாலதி கல்யாணத்துக்கு முந்தி அவகிட்ட சொல்லிடலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மூணு வருசம் முந்தி அவளும் போயிட்டா. அதுக்கப்பறம் எனக்குத் தைரியம் வரல. இருக்கறது நீ ஒருத்தி. நீயும் யாருய்யா நீன்னு கேட்டுட்டா... நான் எந்த வூட்டுல போயி ஒக்காருவேன்?

மாலதி: அந்தப் பையில என்னப்பா இருக்கு? வந்ததுலேர்ந்து மடியில வெச்சி அழுத்திக்கிட்டே இருக்க.

சாமிக்கண்ணு: ...சர்ட்டிபிகேட்டு. நனயவும் இல்ல, எலியும் கடிக்கல. பாலிதீன் கவருல போட்டு, புயலு அன்னிக்கி ராத்திரி பூரா சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எனக்குப் பயம் இதப் பாத்தாலும், இது போயிடுச்சின்னா கண்ணாயிரத்துக்கு ஒலகத்துல வேற அடையாளம் இல்லியேன்னும் பயம். இந்தா. பிரிச்சிப் படி. அப்பான்னு போட்டிருக்கற எடத்துல அவன் பேருதான் இருக்கு. நீ அமெரிக்கா போவணும். அவன் பேரப் போட்டு பாஸ்போர்ட்டு வாங்கிக்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். திட்டணும்னாலும் திட்டு.

மாலதி: அவரு படம் ஏதாச்சும் இருக்கா?

சாமிக்கண்ணு: ஒண்ணே ஒண்ணு. அவனும் நானும் பஸ்ஸு முன்னால நிக்கறது. நாளைக்கே கொண்டாறேன்.

மாலதி: கொண்டா. மாட்டி வெப்போம். கல்லுலயும் ரெண்டு பேரும் இருக்கட்டும்னு எழுதிடறேன். கெரிகன்னு பெருசா, கீழ, பொறந்த பேரு டோலன்னு.

சாமிக்கண்ணு: நல்லா இருப்ப. ரொம்ப நல்லா இருப்ப தாயி.

மாலதி: அப்பறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. கெரிகன் கண்டக்டரு இல்ல. குதிரைக்கு லாடம் அடிக்கறவன்.

சாமிக்கண்ணு: என்னா? அப்பறம் ஏன்டி கண்டக்டருன்ன?

மாலதி: ஒன் வாயத் தெறக்க வெக்கத்தான். அம்மா ஒரு வாட்டி வாய் தவறிச் சொன்ன சேத்தியாத்தோப்புக்குப் போன மாசமே போயி, அவங்க பேர வெச்சித் தேடி, இதே சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு நகலு வாங்கியாந்துட்டேன்ப்பா. நீயா சொல்லுவ, சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தேன். பாஸ்போர்ட்டு பாரமெல்லாம் எழுதி ரெடியா இருக்கு. வளத்தவரு பேரு எல்லா ரெக்கார்டுலயும் இருக்கறதால அபிடவிட்டு ஒண்ணு வெச்சாப் போதும், அவரு கையெழுத்து வேணும்னு வக்கீலு சொன்னாரு. அதுக்குத்தான் ஒன்ன இன்னிக்கி வரச் சொன்னேன், சர்ட்டிபிகேட்டுக்கு இல்ல. கண்ணத் தொடச்சிக்கிட்டு இங்க போடு... அங்க இல்ல, இங்க, அப்பான்னு இருக்குல்ல, அதுக்கு நேரா. புஸ்தகத்துல நன்றி சொல்ற பக்கத்துக்கு எம் பேரு எப்டி போடணும்னு டென்னிஸ் சாரு கேட்டாரு, எஸ். மாலதின்னு எழுதுனேன். அந்த மனுசன் கிண்டலா திருப்பிக் கேக்கறாரு, இந்த எஸ்ஸு மைதானத்துல எங்க நிக்கற ஆளும்மான்னு. எம் பேருக்கு முன்னால நிக்கற ஆளு சார், நான் பேரெழுதப் பழகின நாள்லேர்ந்து ஒரு நாளும் எடத்த வுட்டு நகரலன்னு பதில் போட்டுட்டேன்.